வாசலில் தொங்கிய செய்வினை

யாரோ எனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நம்பினேன். விவேக் நகரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு வாசலில் பழைய கேபிள் வயர் ஒன்று அறுந்து தொங்கும். ஒரு காலையில் பார்த்தால் அதன் நுனியில் அழுக்கு மூட்டை. காய்ந்த இலை, ஒட்டடை, மரப்பட்டைத் தூள், போதாததற்கு நீள நீளமாக முடி. என் தலையில் அத்தனை முடி இருந்து வெகுகாலமாகிறது என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"மாடி வீட்டு அம்மா வேலைதான். மோட்டார் போடுறதுல சண்டை வந்துச்சில்ல?" என்றேன் மனைவியிடம்.

"உங்களுக்குப் போய் செய்வினையா? அவங்களுக்கு வேற வேலையில்ல பாருங்க," என்றாள், தோசையைத் திருப்பியபடி.

சட்டைப் பையில் எலுமிச்சம்பழத்தோடும் கையில் ஒட்டடைக் குச்சியோடும் கிளம்பினேன். மூட்டையைப் போட்டு எரிக்கப் பழைய பெயிண்ட் டப்பாவும் தயார். கிட்டே போகத் தைரியமில்லை; எட்ட நின்றே ஓர் இடி இடித்தேன். மூட்டையின் பக்கவாட்டு ஓட்டையிலிருந்து வளைந்த மூக்கு ஒன்று நீண்டது. நான் போட்ட கத்தலில் எலுமிச்சம்பழம் எங்கே உருண்டதென்று இன்றுவரை தெரியாது. கட்டைவிரல் அளவு தேன்சிட்டு ஒன்று மஞ்சள் வயிறு தெரியப் பறந்து போனது.

மாடியிலிருந்து அந்த அம்மா எட்டிப் பார்த்தார். "ஐயோ சார், கூடு சார் அது! முட்டை இருக்கும், ஆட்டாதீங்க!"

அடுத்த பீதி அங்கே ஆரம்பம். இடித்த கூட்டுக்கு அது திரும்பாவிட்டால்? ஆபீசுக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வயருக்குக் கீழேயே நின்றேன். "வாம்மா, தெரியாம இடிச்சிட்டேன், வா," என்று கெஞ்சினேன். அது எதிர்வீட்டு முருங்கையில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தது.

"அடியாள் மாதிரி குச்சியோட நின்னா அது எப்படிங்க வரும்? கீழ போட்டுட்டு உள்ள வாங்க," என்றாள் மனைவி.

குச்சி இன்னும் என் கையில்தான் இருந்தது.

உள்ளே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு தடவை வந்து வந்து திரும்பியது. அப்புறம் கூட்டில் தொற்றி, உள்ளே நுழைந்து, மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டது. கூட்டின் வாசலுக்கு மேல் சின்னதாக ஒரு சன்ஷேடுகூடக் கட்டியிருந்தது. என் வாடகை வீட்டு ஜன்னலுக்கு அது கிடையாது.

அதற்குப் பிறகு கேஸ் சிலிண்டர்கூட எங்கள் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் வந்தது.

கூட்டிலிருந்த முடி என் மனைவியுடையது; சீப்பில் வந்ததைச் சுருட்டி ஜன்னல் வழியே போடுவாள். குஞ்சுகள் இரண்டு. அவை பறந்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தது மாடி வீட்டு அம்மாதான்.