கெடாவில் தீட்டாத அரிசி

எழுபத்தெட்டாம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கு அலோர் ஸ்டார் ரயிலடியில் இறங்கினேன். தைப்பிங்கிலிருந்து வந்த வண்டியில் கடைசி ஒரு மணி நேரம் ஜன்னலுக்கு வெளியே வயலைத் தவிர வேறொன்றும் இல்லை. நாட்டுக்கே சோறு போடும் மாநிலம் கெடா என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள். இங்கே தீட்டாத அரிசி கிடைக்காமலா போகும் என்று நம்பி வந்தவன் நான்.

அரிசி என் அண்ணன் சூசைக்கு. பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடம் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர். சர்க்கரை வியாதியால் போன கிறிஸ்துமஸுக்கு முன் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இப்போது கணுக்காலில் ஒரு புண், ஆறமாட்டேன் என்கிறது. அடுத்தது முழங்கால் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெள்ளை அரிசியை விட வேண்டும், தவிடு போகாத அரிசியை அளவாகச் சாப்பிட வேண்டும், டின் பாலும் சீனியும் கூடாது, கீரையும் மீனும் நிறையச் சேர்க்க வேண்டும். இதையெல்லாம் என்னிடம் சொல்ல டாக்டருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கெடாவில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை நாள் என்பது என் மூளைக்கு எட்டியிருக்கவில்லை. பசாரில் பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன. திறந்திருந்த கடைகளில் மூட்டை மூட்டையாக அரிசி, எல்லாம் மல்லிகைப் பூப் போல வெள்ளை. ஒரு கடைக்காரர், தமிழர், என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தவுட்டோடயா? அதெல்லாம் வாத்துக்குப் போடறதுலா. மனுசனுக்கு யாரு கேக்கறா?”

ஆறு வெள்ளி கொடுத்து ஒரு மூட்டைப்பூச்சி ஹோட்டலில் இரவைக் கழித்தேன்.

சனிக்கிழமை காலை ஒரு டாக்சிக்காரர் என்னை ஏழு மைல் தள்ளி ஒரு சின்ன நெல் ஆலைக்கு அழைத்துப் போனார். மலாய்க்காரர். வழியில் வயலைக் காட்டி, வருடத்துக்கு இரண்டு போகம் வந்ததிலிருந்து மருந்தடிக்காத நாளே இல்லை, வாய்க்காலில் பிடித்துத் தின்ற மீனெல்லாம் போய்விட்டது என்றார். அவர் வீட்டிலும் இப்போது டின் சார்டின்தான். ஆலை முதலாளியான சீனத் தௌக்கே நான் கேட்டதைக் கேட்டுச் சிரித்தார். ஆனாலும் உமியை மட்டும் நீக்கி இயந்திரத்தை நிறுத்தி, பத்து காத்தி, ஏறக்குறைய ஆறு கிலோ, அரிசி அளந்து தந்தார். ஐந்து வெள்ளி. பழுப்பு நிறத்தில், புது நெல் வாசனையோடு இருந்தது. எனக்குக் கோட்டையைப் பிடித்த மாதிரி சந்தோஷம்.

அங்கிருந்து பீடோங்குக்கு பஸ். நெடுஞ்சாலையில் இறங்கி, ஒன்றரை மைல் செம்மண் பாதையில் மூட்டையைச் சுமந்து தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் போய்ச் சேரும்போது பகல் இரண்டு மணி. அண்ணி சுங்கைப்பட்டாணிக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார். அண்ணன் காலை ஒரு பெட்டிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். அரிசியை அள்ளிக் காட்டி, ஏன், எதற்கு என்று எல்லாம் விளக்கினேன்.

“சரிடா” என்றார்.

கீரை பறிக்கலாம் என்று லயத்துக்குப் பின்னால் போனேன். ஓரமெல்லாம் களைக்கொல்லி அடித்து, புல் வைக்கோலாகக் கருகிக் கிடந்தது. அதில் கீரை எங்கே தேடுவது? மீனாவது நல்லதாகக் கிடைக்கட்டும் என்று, படகுகள் வரும் நேரம் பார்த்துத் தஞ்சோங் டாவாய்க்கு பஸ் ஏறினேன். கெம்போங் மீனோடு திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. அதற்குள் திரும்பியிருந்த அண்ணி அதைக் கழுவிப் பொரித்தார். அன்றிரவு ரொட்டிதான். அரிசி நாளைக்கு என்றார்கள்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்து பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அண்ணி சோற்றைப் போட்டார். பூப்பூவாக வெள்ளைச் சோறு.

“நான் கொண்டாந்த அரிசி எங்க அண்ணி?”

“இதுதான் தம்பி” என்றார் அண்ணி, முகமெல்லாம் பெருமையாக. “தௌக்கே உங்கள நல்லா ஏமாத்திட்டான். அரகொறையா தீட்டுன அரிசி. ஊர்லேருந்து வந்த புள்ளைக்கு அதையா போடறது? நேத்து நீங்க மீன் வாங்கப் போனப்ப, பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள்ல குடுத்தனுப்பி, ரோட்டு முக்குல இருக்கற மில்லுல வெள்ளையாக்கி வாங்கியாரச் சொன்னேன். கூலிகூட வாங்கலலா. தவுட்டை அவனே வச்சிக்கிட்டான்.”

விருந்தாளிக்கு மட்ட அரிசி போட்டதாகப் பேர் வரக்கூடாது. அவ்வளவுதான் அவர் மனதில். அவரைக் கோபித்து என்ன செய்ய? அண்ணனைப் பார்த்தேன். அவர் தலை நிமிரவில்லை.

அண்ணி குழம்பு எடுக்க உள்ளே போனதும் கேட்டேன். “நீ சொல்லலையா?”

“சொல்லல.”

“ஏன்?”

“ஜப்பான்காரன் காலத்துல மரவள்ளிக் கெழங்கத் தின்னு தின்னே அப்பா செத்தாரு. நீ சின்னப் பய, ஒனக்குத் தெரியாது. கடைசி நாளு ஒரு புடி வெள்ளச் சோறு கேட்டாருடா. நான் லயம் லயமா அலஞ்சேன், கெடைக்கல. அப்பறம் நான் மரம் வெட்டுனதெல்லாம் இந்தச் சோத்துக்குத்தான். கால எடுக்கறதுன்னா எடுத்துக்கட்டும்.”

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தட்டைத் தூக்கி வெளியே எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. அண்ணி குழம்போடு வந்து நின்றார். நானும் சாப்பிட்டேன். சோறு ருசியாகவே இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

திங்கள் காலை கிளம்பினேன். வாசல்வரை நொண்டி வந்து வழியனுப்பினார் அண்ணன். வெள்ளைத் துணி சுற்றிய காலைப் பார்க்காமலே பேச எனக்குப் பழகியிருந்தது. தைப்பிங்கில் என் வீட்டுப் பானையிலும் இதே வெள்ளை அரிசிதான் வேகிறது. ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுத் திரும்பிப் போய் நானும் அதைத்தான் தின்னப் போகிறேன்.

பஸ்ஸுக்காக ரோட்டு முக்கில் நின்றேன். எதிரே அந்த மில். நான் கெடா முழுக்கத் தேடிய அரிசியை, கேட்டிருந்தால், இங்கேயே உமி நீக்கித் தந்திருப்பார்கள். மில்லுக்குப் பின்னால் ஒருவர் தகர வாளியிலிருந்து தவிட்டை அள்ளிப் போட, நாற்பது ஐம்பது வாத்துகள் முண்டியடித்துத் தின்றுகொண்டிருந்தன. பஸ் வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றுக்கும் காலில் புண் இல்லை.