அக்பர் அலி சொன்ன பதினைந்து சதவீதம்

கள்ளக்குறிச்சி கடைவீதியில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் அக்பர் அலிக்கு, டிவியில் கோட்டு போட்டு வந்து உட்காரும் பொருளாதார நிபுணர்களைக் கண்டாலே ஆகாது. ஒரு வருடம் அவர்கள் விலைவாசி அடங்கும் என்று சொன்னதை நம்பிச் சரக்கு எடுக்காமல் இருந்தார். துவரம் பருப்பு மளமளவென்று ஏறிவிட்டது. அன்று முதல், விலை இறங்கும் என்று ஒருவன் சொன்னால் அவன் எங்கேயோ வாங்கிக் குவிக்கிறான் என்பார். ஏறும் என்றால் விற்கப் பார்க்கிறான். மனைவி அஸ்ரப் நிஷா வானிலைச் செய்தி கேட்டுக் குடை எடுத்தால்கூட ஒரு மாதிரி பார்ப்பார்.

போன சித்திரையில் தனுஷா என்ற பெண் கையில் டேப்லட்டோடு கடை ஏறினாள். சர்வே எடுக்க வந்திருப்பதாகவும், அடுத்த வருடம் விலைவாசி எத்தனை சதவீதம் ஏறும் என்று வியாபாரிகளைக் கேட்பதாகவும் சொன்னாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அட்டையை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். வரி ஆபீஸ் ஆள்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அவர்களிடம் எப்போதும் பாடும் பாட்டையே பாடினார்: வியாபாரம் படுத்துவிட்டது, எல்லாம் தாறுமாறாக ஏறப்போகிறது. எவ்வளவு என்று அவள் விடாமல் கேட்கவே வாயில் வந்ததைச் சொன்னார்.

"பதினஞ்சுன்னு போட்டுக்கோம்மா."

ஆடியில் ஒரு நிபுணர் டிவியில் வந்தார். விலை ஏறும் என்று வியாபாரிகளே சர்வேயில் சொல்லியிருப்பதால் தங்கள் கணிப்பையும் உயர்த்துவதாகச் சொன்னார். அக்பர் அலி நிமிர்ந்து உட்கார்ந்தார். கோட்டுக்காரனை நம்ப வேண்டாம். வியாபாரிக்குத் தெரியாமலா இருக்கும்? மறுநாளே ஒரு லாரி துவரம் பருப்பு இறக்கினார். கொஞ்ச நாளில் வெளிநாட்டுப் பருப்பு கப்பலில் வந்து சேர, விலை சரிந்தது. கல்வராயன் மலைக் கடைக்காரர்களுக்குக் கம்மி விலையில் தள்ளிவிட வேண்டியதாயிற்று.

"சர்வேக்கு வந்துச்சே, அந்தப் பொண்ணு கிட்ட நீங்க இன்னா சொன்னீங்க?" என்று கேட்டாள் அஸ்ரப் நிஷா.

சொன்னார்.

"அப்ப நீங்க சொன்னத நம்பி நீங்களே வாங்கிக்கினு வந்திருக்கீங்க."

ஒருத்தன் பேச்சுக்கா கணிப்பு மாறும் என்று அவர் கேட்டார். மற்ற வியாபாரிகள் மட்டும் அந்தப் பெண்ணிடம் உண்மையையா சொல்லியிருப்பார்கள் என்றாள் அஸ்ரப் நிஷா.

தை பிறந்ததும் தனுஷா மறுபடி வந்தாள். இந்த முறை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்து, வரி ஆபீஸ்தானே என்று நேராகவே கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். அப்பா மூங்கில்துறைப்பட்டில் கரும்பு போடுவதாகவும், தான் பி.காம் முடித்துவிட்டு இந்த வேலைக்கு வந்ததாகவும் சொன்னாள். அவர் பாதிதான் நம்பினார்.

"அடுத்த வருசம் இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாது. அப்டியே போட்டுக்கோ."

"தெரியாதுன்னு போடவும் இதுல எடம் இருக்குதுங்க பாய். யாரும் அதச் சொல்றதில்ல."

அவள் அடுத்த கடைக்குப் போனாள். தெருவில் யார் யார் என்ன சொன்னார்கள் என்று விசாரிக்க அவருக்கு ஆசையாக இருந்தது. கேட்டால் மட்டும் உண்மையையா சொல்லப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.