அண்ணாக்கு ஒரு வாய்

தேவிக்குப் பொழுது விடிந்தாலே ஓட்டம்தான். மூலக்குளத்தில் ஒரு தையல் யூனிட்டில் அவளுக்கு வேலை. பஸ்ஸைப் பிடிப்பதற்குள் மகள் தன்ஷிகாவுக்குச் சோறூட்டி அங்கன்வாடியில் விட்டாக வேண்டும். குளிப்பாட்டுவதும் தலை வாருவதும் அவளுக்கு ஒரு வேலையே இல்லை. ஊட்டுவதில்தான் தினமும் தோற்றாள்.

தன்ஷிகாவுக்கு இரண்டரை வயது. தட்டைப் பார்த்ததுமே உதட்டை இறுக்கிக்கொள்வாள். தேவியும் செய்து பார்க்காத பண்டமில்லை. கேழ்வரகு மாவை வெல்லம் போட்டுக் காய்ச்சினாள். அவலை ஊறவைத்து வாழைப்பழத்தோடு பிசைந்தாள். பாசிப்பருப்பும் அரிசியும் கேரட்டும் குக்கரில் ஒன்றாகப் போட்டுக் குழைய வைத்தாள். முருங்கைக்கீரையை மாவில் கலந்து காசளவுக்குக் குட்டி தோசைகள் வார்த்தாள். எல்லாம் சீக்கிரம் ஆகிற சமையல்தான், ஆனால் பார்த்துப் பார்த்துச் செய்தது. பாகூர்ப் பக்கம் நாற்று நட்ட கையோடு வந்து கஞ்சி கரைத்துக் கொடுத்த அம்மாவிடம் வளர்ந்தவள் அவள். தன் பிள்ளைக்காவது விதவிதமாகக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. பிள்ளையோ எல்லாவற்றையும் துப்பினாள்.

உறுவையாற்றில் இந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்தது தை மாதம். கடைசி வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கரும்புத் தோட்டம். வாடகை குறைவு, தண்ணீர் நல்ல தண்ணீர். தேவியின் கணவன் அன்புராஜ் ஒரு காலேஜ் பஸ் ஓட்டுகிறான். பஸ்ஸை நிறுத்துகிற இடமும் பக்கம்தான். வீட்டுக்காரி ஜோஸ்பின் மூலக்குளத்தில் தனியாக இருந்தாள், ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயா வேலை. சாவி கொடுக்க வந்தவள் வாசலோடு நின்றுவிட்டாள். உள்ளே வரச் சொன்னதற்கு, "பரவால்ல, நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு மளமளவென்று போய்விட்டாள்.

அந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் தன்ஷிகா சாப்பிட ஆரம்பித்தாள்.

முதல் நாள் நடந்தது தேவிக்கு நன்றாக நினைவிருக்கிறது. பருப்புச் சோற்றைப் பிசைந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றாள். முதல் உருண்டையை நீட்டியதும் தன்ஷிகா அவள் கையைத் தள்ளி ஜன்னலைக் காட்டினாள்.

"அண்ணாக்கு."

"எந்த அண்ணாக்குடி?"

"அண்ணாக்குத் தா மொதல்ல."

வெளியே யாருமில்லை. நேரமாகிறதே என்று உருண்டையை ஜன்னல் திட்டில் வைத்தாள் தேவி. பிள்ளை உடனே வாயைத் திறந்தாள். ஒரு கிண்ணம் சோறும் உள்ளே போயிற்று. தேவிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தட்டைக் கழுவித் திரும்பியபோது திட்டில் உருண்டை இல்லை.

"காக்கா தூக்கினு போயிருக்கும்" என்றான் அன்புராஜ். "எது போனா இன்னா, புள்ள துன்னுதா இல்லியா?"

தின்றாள். கேழ்வரகைக் கொடுத்தாலும் கிச்சடியைக் கொடுத்தாலும் தின்றாள். ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் அண்ணாவுக்கு ஒரு வாய். தேவியும் பழகிக்கொண்டாள். ஒன்று மட்டும் உறுத்தியது. காக்கை வந்தால் கரையும், அணில் வந்தால் கம்பியில் சத்தம் கேட்கும். அந்த ஜன்னலில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. வெல்லம் போட்ட கூழ் சிந்திய இடத்தில்கூட ஓர் எறும்பு ஏறவில்லை. தன்ஷிகா மெல்லுகிற நேரமெல்லாம் அவள் கண் அங்கேயே இருக்கும், எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரைப் பார்ப்பதுபோல.

மாசி முடிகையில் அங்கன்வாடி டீச்சர் உஷாராணி தேவியைத் தனியே கூப்பிட்டாள்.

"வெயிட்டு எறங்கிக்கினே வருது தேவி. வூட்ல இன்னா குடுக்கற?"

"ரெண்டு கிண்ணம் துன்றா டீச்சர். முட்டை, கீரை, பருப்பு எல்லாம் குடுக்கறேன்."

உஷாராணி நம்பாமல் பார்த்தாள். தராசில் நின்ற பிள்ளையின் கவுன் தோளிலிருந்து நழுவியது. பொங்கலுக்கு எடுத்தபோது இறுக்கிப் பிடித்த கவுன் அது.

பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரத்தம் எடுத்தார்கள், பூச்சி மருந்து கொடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை, நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். பஸ்ஸில் திரும்பும்போது மடியில் தூங்கிய மகளின் விலா எலும்புகள் தேவியின் கையில் இடறின. அவளுக்குள் ஒரு நினைப்பு வந்தது. அதை வாய்விட்டுச் சொல்லப் பயந்தாள்.

மறுநாள் ஜன்னலைச் சாத்தித் தாழ்போட்டாள். தன்ஷிகா உதட்டை இறுக்கிக்கொண்டாள். தேவி கெஞ்சினாள், மிரட்டினாள், செல்போனில் பாட்டு வைத்தாள், எதுவும் பலிக்கவில்லை. அன்றும் அடுத்த நாளும் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை.

"அண்ணா அழுவுறான்" என்று மட்டும் சொன்னாள் பிள்ளை.

மூன்றாம் நாள் தேவியால் முடியவில்லை. அவலும் பழமும் பிசைந்து, தட்டோடு திட்டில் வைத்து ஜன்னலைத் திறந்தாள். நல்ல வெயில். கரும்புத் தோகை ஒன்றும் அசையவில்லை. அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டுத் திரும்பினாள், அணைத்தாள், மீண்டும் பார்த்தாள்.

தட்டில் மசித்திருந்த அவலில் நான்கு விரல் தடம். சின்ன விரல்கள், வழித்து எடுத்த தடம்.

இடுப்பில் இருந்த தன்ஷிகாவின் கைகளைப் பிடித்துப் பார்த்தாள். இரண்டும் சுத்தமாக இருந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மடியிலிருந்த மகள் எட்டி ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. ஜோஸ்பினுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வூட்ல சின்னப் புள்ள யாராச்சும் இருந்தாங்களா?"

ஜோஸ்பின் பதிலுக்குக் கேட்டாள்.

"சமயக்கட்டு ஜன்னலா?"

"ஆமாக்கா."

"அங்கதான் தூக்கி வெச்சிக்கினு ஊட்டுவேன்" என்றாள் ஜோஸ்பின். "இரு, வரேன்."

மத்தியானம் ஜோஸ்பின் வந்தாள். யூனிபார்ம் சேலைகூட மாற்றவில்லை. வாசற்படியில் செருப்பைக் கழற்றி, நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். ஜெரோம் என்று ஒரே மகன் என்றாள். மூன்று வயது முடியவில்லை. குடல் முறுக்கிக்கொண்டது.

"ஆப்ரேசனுக்கு மின்னாடி ஒண்ணும் குடுக்கக்கூடாதுன்னாங்க. அது சரிதான், நானே ஆஸ்பத்திரில இருக்கறவதான். தண்ணிகூடக் குடுக்கல. பசிக்குதும்மா, பசிக்குதும்மான்னு சொல்லிக்கினே உள்ள போனான். திரும்பி வரல."

அழவில்லை அவள். அடுப்பைப் பார்த்தாள். "முட்டை இருக்கா?" என்றாள்.

தேவி எடுத்துக் கொடுத்தாள். ஜோஸ்பின் கேரட்டை அரைத்து முட்டையில் ஊற்றி அடித்தாள். "கேரட்டுன்னா ஆவாது அவனுக்கு. இப்டிக் கலந்துட்டா தெரியாது." நெய்யில் அதைக் கிளறி, சூடான சோற்றைப் போட்டு, மிளகைத் தட்டித் தூவினாள். பாத்திரம் எங்கே, கரண்டி எங்கே என்று கேட்கவே இல்லை. எல்லாம் முடிய ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. சோற்றை ஊதி ஆற வைத்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள்.

"ஜெரோம், வா சாமி."

தேவி மகளை இறுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். கரும்பு அசையவில்லை. பிறகு ஜோஸ்பினின் மணிக்கட்டு லேசாகக் கீழே இழுபட்டது, கன்றுக்குட்டி கையை நக்கும்போது இழுபடுவதுபோல. அவள் கையை உள்ளே எடுத்தாள். விரல்களில் சோறு இல்லை. நுனிகள் ஈரமாக மின்னின.

"கடிச்சிட்டான்" என்று மெல்லச் சொன்னாள். அவள் முகத்தில் வந்த சிரிப்பை தேவியால் நேராகப் பார்க்க முடியவில்லை.

ஜோஸ்பின் அடுத்த உருண்டையை உருட்டினாள். சட்டி காலியாகும் வரை ஊட்டினாள். அடியில் ஒட்டியிருந்ததை வழிக்கும்போது தன்ஷிகா கையை நீட்டி, "எனக்கு" என்றாள். அந்த வீட்டுக்கு வந்தபின் அவள் தனக்கென்று கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து ஜோஸ்பின் தினமும் வந்தாள், டியூட்டிக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. தன்ஷிகா ஜன்னல் பக்கம் திரும்புவதை விட்டாள். கன்னத்தில் சதை பிடித்தது. ஒரு மாதம் கழித்து ஜோஸ்பின் அன்புராஜிடம், "நான் இங்கியே வந்துடறேன் தம்பி. நீங்க என் மூலக்குளத்து வூட்டுக்குப் போயிடுங்க. வாடகை அதே வாடகைதான்" என்றாள். அன்புராஜ் சரி என்று சொல்லும் முன்பே தேவி பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தாள்.

மூலக்குளத்தில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். தேவிக்கு அதுவே போதுமாக இருந்தது. தன்ஷிகா தானே தட்டில் கைவிட்டுத் தின்னப் பழகினாள். கீரை தோசையைச் சட்னியில் முக்கி, பாதியை வாயிலும் பாதியை மூக்கிலும் போட்டாள். உறுவையாற்றுப் பேச்சை தேவி எடுப்பதே இல்லை.

ஆடியில் ஒரு நாள் வில்லியனூர்க் கடைத்தெருவில் முட்டை வாங்கிக்கொண்டிருந்த பெண்ணை அவள் கடந்து போய்விட்டாள். குரல் கேட்டுத்தான் திரும்பினாள். ஜோஸ்பின். தோள்பட்டை துருத்திக்கொண்டிருந்தது. வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின.

"அக்கா, இன்னாக்கா இப்டி ஆயிட்டீங்க?"

"எனக்கின்னா, நல்லாக்கீறேன்." ஜோஸ்பினின் கண்கள் பளபளத்தன. "வேலைய வுட்டுட்டேன். மூணு வேளையும் ஊட்டணும் இல்ல? இப்பல்லாம் கேரட்டக்கூடத் துன்றான் தேவி."

"நீங்க துன்றீங்களா?"

ஜோஸ்பினுக்கு அந்தக் கேள்வி புரியவில்லைபோல இருந்தது. "அவன் பசியோட இருப்பான், வரேன்" என்று பஸ்ஸை நோக்கி நடந்தாள்.

அன்றிரவு முழுக்க தேவிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தன் பிள்ளையை விட்டு இறங்கியது யார் மேல் போய் ஏறியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தன்ஷிகாவை அன்புராஜிடம் விட்டுவிட்டுத் தூக்குவாளியில் கிச்சடி எடுத்துக்கொண்டு உறுவையாற்றுக்குப் போனாள். வாசலில் நிற்கும்போதே உள்ளே ஜோஸ்பின் யாரிடமோ கொஞ்சிப் பேசுவது கேட்டது. ஆனாலும் உள்ளே போனாள்.

ஜோஸ்பினைக் கைப்பிடித்துத் தரையில் உட்கார வைத்தாள். தானும் எதிரில் உட்கார்ந்தாள், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி. கிச்சடியை உருட்டி நீட்டினாள்.

ஜோஸ்பின் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். "மொதல்ல அவனுக்கு..."

"அவன் துன்னுட்டான்க்கா. வயிறு ரொம்பிட்டுது அவனுக்கு. வாயத் தொறங்க."

முதுகுக்குப் பின்னால், பிடரி மயிர் கூசுகிற அளவுக்குக் கிட்டத்தில், சின்னதாக மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. தேவி திரும்பவில்லை. கையையும் இறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜோஸ்பின் வாயைத் திறந்தாள்.

தேவி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போகிறாள்.