பாலத்தில் இறங்காதவன்

"யோவ், வீட்டுல சொல்லிக்கிட்டு வந்துட்டியா?"

ஐம்பதுகளின் கடைசியில் திருச்சியில் சைக்கிள் ஓட்டியவர்கள் எப்போதாவது ஒருமுறை பஸ் டிரைவர்களிடம் இந்த வசவை வாங்கியிருப்பார்கள். நான் தினமும் வாங்கினேன். வீடு ஸ்ரீரங்கத்தில், குமாஸ்தா வேலை கண்டோன்மென்ட்டில். லால்குடி பஸ்ஸுக்கும் நெல் மூட்டை வண்டிக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து இருந்தால் எனக்குப் போதும். மெயின்கார்டு கேட் வளைவுக்குள் எதிரே என்ன வருகிறதென்று பார்க்காமலே புகுவேன். பெல் அடிப்பதில்லை, பிரேக்கைத் தொடுவதில்லை. ஆபீஸில் எனக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பேன்.

பிறவியிலேயே நான் அப்படி இல்லை. மாடு குறுக்கே வந்தால் இறங்கி நின்று, அது போன பிறகு ஏறுகிற ஆள். என் மகள் செத்துப்போன பிறகுதான் இந்த வேகமெல்லாம் வந்தது.

அவளுக்கு மூன்று வயது. ஆடிப்பெருக்கன்று காலையில் தொண்டை அடைத்து மூச்சுவிடத் திணறினாள். ஸ்ரீரங்கத்து டாக்டர் தன் டிஸ்பென்சரியிலேயே அவளைப் படுக்கவைத்துக்கொண்டு, ஊசி மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தார். "இங்க கிடைக்காது. தெப்பக்குளம் பக்கம் போய் வாங்கிட்டு வாங்க. குழந்தைய அலைக்கழிக்க வேண்டாம்" என்றார். என் மனைவி குழந்தையின் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

சைக்கிளில் போகும்போது காவிரிப் பாலத்தில் அவ்வளவு கூட்டமில்லை. மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஊரே பாலத்தில் நின்றது. காவிரி இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது, அதைப் பார்க்கத்தான் கூட்டம். போலீஸ்காரர் கையைக் காட்டி, "இறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க சார்" என்றார். இறங்கினேன். என்னைப்போல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் நிறையப் பேர். "கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று முனகிக்கொண்டே போனேன். யார் காதிலும் விழவில்லை.

என்ன அவசரம் என்று நான் சொல்லவில்லை. சுற்றிலும் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்ட பெண்கள். தாலிக்கயிறு மாற்றி, புது மஞ்சள் கயிறு ஈரத்தோடு கழுத்தில் கிடக்க நின்றிருந்தார்கள். அந்த நாளில், அவர்கள் நடுவே, 'குழந்தை பிழைக்காது போலிருக்கிறது' என்று எப்படி வாயைத் திறந்து கத்துவது? அபசகுனமாக ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்றுதான் எங்களையெல்லாம் வளர்த்திருந்தார்கள். ஓர் அம்மாள் வாழையிலையில் தேங்காய் சாதத்தை நீட்டினார். வேண்டாம் என்று சொன்னால் மனசு கஷ்டப்படும் என்று அதற்கும் ஒரு சிரிப்பு சிரித்து, தலையசைத்து, நகர்ந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தில் அறைந்துகொள்ளலாம்போல் வருகிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் மருந்தை வாங்கி, பிரிக்காமலே மேஜைமேல் வைத்தார்.

சில நாள் கழித்து, "ஏங்க அவ்வளவு நேரமாச்சு?" என்று மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள். "பாலத்துல கூட்டம். யாராலயும் அதுக்கு மேல சீக்கிரம் வந்திருக்க முடியாது" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்தபோதெல்லாம் அவளும் அதையே சொன்னாள். யாராலும் முடியாது என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்தாள், சமைத்தாள், உயிரோடு இருந்தாள்.

நான்தான் அதை நம்பவில்லை. சைக்கிளில் ஏறினால் காலுக்குக் கட்டுப்பாடு போய்விடும். பாலத்தில் எத்தனை கூட்டம் இருந்தாலும் இறங்கமாட்டேன். சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்களின் கூட்டத்துக்குள்ளும் அப்படியே புகுந்து போயிருக்கிறேன். வீட்டு வாசலில் போய் மூச்சிரைக்க நின்ற பிறகுதான், உள்ளே எனக்காக யாரும் படுத்திருக்கவில்லை என்பது உறைக்கும். மறுநாளும் இதே கதைதான்.

கதை எழுதுவது எனக்கு முன்பே இருந்த வேண்டாத பழக்கம். பத்திரிகைக்காரர்கள் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அறுபதுகளில் ஒருநாள் இதை எழுத உட்கார்ந்தேன். நடந்தபடி எழுதப் பார்த்தேன், முடியவில்லை. அவளை இன்னொரு தடவை சாகவிட எனக்குத் தெம்பில்லை. அதனால் கதையில் வருகிற அப்பன் போலீஸ்காரரின் கையைத் தட்டிவிட்டுப் போகிறான். "என் குழந்தை சாகுது, விலகுங்க" என்று தொண்டை கிழியக் கத்துகிறான். கூட்டம் பதறி ஒதுங்குகிறது. அவன் இறங்காமலே பாலத்தைக் கடந்து மருந்தோடு போய்ச் சேர்கிறான், குழந்தை கண் விழிக்கிறது. சைக்கிள் ஓட்டுகிற இடத்தையெல்லாம் யோசிக்காமல் எழுதினேன். தினமும் செய்கிற காரியம்தானே, கற்பனைக்கு வேலையே இல்லை. அந்தக் கதை மட்டும் திரும்பி வரவில்லை.

என் மனைவி நான் எழுதியதைப் படிக்கிற வழக்கம் கிடையாது. அந்த தைரியத்தில்தான் அனுப்பினேன். பக்கத்து வீட்டு அம்மாள் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்து, "நல்ல வேளை, குழந்தை பிழைச்சுது. படிக்கிறதுக்குள்ள எனக்கு உசிரே போயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாராம். சாயங்காலம் நான் வழக்கம்போல் மூச்சிரைக்க வந்து சைக்கிளை நிறுத்தியபோது, அவள் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பாலத்துல இறங்காம வர முடியுமாங்க?" என்று கேட்டாள்.

"கதைதானே. கதையில எப்படி வேணாலும் வரலாம்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டுக் கையில் இருந்ததை என்மேல் விட்டெறிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். சட்டையெல்லாம் வியர்வையோடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கதைய விடுங்க. நீங்க தினமும் அப்படித்தானே வர்றீங்க" என்றாள்.