ஒரு கால் பேஸில் இருக்கட்டும்

தேர்வு மேற்பார்வை முடிந்து வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தேன். கயல்விழியிடமிருந்து பதினோரு அழைப்புகள். நம் கல்லூரியில் படித்துப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்ட பெண், கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். "இவளுக்கு அப்படி என்ன தலைபோகிற அவசரம்" என்று எரிச்சலோடுதான் கூப்பிட்டேன். எடுத்ததும் அழுதாள். "மேடம், நம்ம சாதிக் சார்... காலையில சுபுஹு தொழுதுட்டுப் படுத்தவர் எழுந்திரிக்கவே இல்லையாம் மேடம். சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்னு சொல்றாங்க." கையிலிருந்த விடைத்தாள் கட்டை யாரிடம் கொடுத்தேன் என்றுகூட நினைவில்லை. தஞ்சாவூர் பேருந்து நிலையத்துக்கு ஓடி மன்னார்குடி வண்டியைப் பிடித்து, அங்கிருந்து வேறு வண்டி மாறிக் கூத்தாநல்லூர் போய்ச் சேர்ந்தேன். வழி நெடுக அவரோடு சண்டை போட்டுக்கொண்டே போனேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் என்ன சார் உங்களுக்கு அவசரம்?

சாதிக் சார் எங்கள் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். பெண்கள் பேஸ்பால் அணியை உண்டாக்கியவர், கடைசிவரை அதன் பயிற்சியாளர். அவரை அறிந்த உங்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் தாவரவியல் பாடம் நடத்தும் நான் அந்த அணிக்குள் எப்படி வந்தேன் என்பது பலருக்குத் தெரியாது. பெண்கள் அணி வெளியூர் போனால் உடன் ஒரு பேராசிரியை போகவேண்டும் என்பது விதி. மற்ற எல்லோருக்கும் கைக்குழந்தையோ, மாமியாரோ, முதுகுவலியோ இருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. ஆகவே நான் மேனேஜர் ஆனேன். வெயிலில் உட்கார்ந்து ஒன்றும் புரியாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அந்த முதல் நாளே அவரிடம் கேட்டுவிட்டேன்: "கபடி இருக்கு, கோகோ இருக்கு. இந்த அமெரிக்காக்காரன் ஆட்டம் எதுக்கு சார் நமக்கு?"

அவர் சிரித்தார். "கபடிக்கு வர்ற பொண்ணுங்க பள்ளிக்கூடத்துலயே ஆடிட்டு வந்துடறாங்க மேடம். ஒண்ணுமே ஆடாத பொண்ணு காலேஜுக்கு வந்து முதல்முறையா ஒரு ஆட்டம் ஆடணும்னா, யாருக்குமே தெரியாத ஆட்டமாத்தான் இருக்கணும். அப்பத்தான் எல்லாரும் ஒரே இடத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்." கல்லூரி வாங்கிக் கொடுத்த ரப்பர் பேஸ்கள் ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. அவர் ரைஸ் மில்லுக்குப் போய் உமி வாங்கி வந்து, சாக்கில் அடைத்துத் தைத்து, மைதானத்தின் மூலைகளில் போட்டார். அவர் மனைவி ஹசீனாவிடம் கோணி ஊசி கடன் வாங்கித் தைத்ததாகப் பெருமையாகச் சொன்னார்.

நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்த ஒரு சீசனைப் பற்றித்தான் இந்த நினைவு மலரில் எழுத நினைத்தேன். கோப்பை வாங்கிய வருடங்களைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள்.

அந்த வருடம் எதுவும் சரியாக அமையவில்லை. நன்றாக ஆடியவர்கள் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். இரண்டு பேருக்கு நிச்சயதார்த்தம் நடந்தது, மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். மிஞ்சியது ஒன்பதே பேர். மைதானத்தில் இறங்க ஒன்பது பேர் வேண்டும், ஒருத்திக்குக் காய்ச்சல் என்றாலும் அணி கிடையாது. போதாக்குறைக்குக் கல்லூரி முதல்வர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிவிட்டார்: "இந்த சீசன் ஒரு மேட்சாவது ஜெயிச்சுக் காட்டுங்க. இல்லன்னா இந்த டீம் இத்தோட போதும், மட்டையெல்லாம் ஸ்டோர் ரூம்ல வச்சுப் பூட்டிடுங்க." சாதிக் சார் "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லி எழுந்தார். வராந்தாவில் அவர் முகத்தைப் பார்த்தேன். பெற்ற பிள்ளையைப் பள்ளியை விட்டு நிறுத்தச் சொன்னால் ஒரு தகப்பன் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

முதல் மேட்ச் தோல்வி. இரண்டாவது, சொல்லவே வெட்கம், பதினான்குக்கு ஒன்று. அவரிடம் ஒரு கட்டளை உண்டு: தோற்ற அன்று எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் ஆட்டத்தைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது. "பசியோட பேசினா தப்பு பெருசாத் தெரியும் மேடம்." சாப்பாடு முடிந்து வேன் கிளம்பியதும் முன்சீட்டிலிருந்து திரும்பி என்னிடம் ஆரம்பிப்பார்: "இன்னைக்கு நான் பண்ணின தப்பு என்னன்னா..." பந்தைத் தவறவிட்ட பெண் பின்னால் உட்கார்ந்திருப்பாள். அவளைப் பற்றி ஒரு வார்த்தை வராது. தான் ஆளை நிறுத்திய இடம் தப்பு, வெயில் கண்ணில் படும் பக்கம் தப்பு, காலையில் இட்லி அதிகம் வாங்கிக் கொடுத்தது தப்பு. எனக்குக் கடுப்பாக வரும். "எல்லாத் தப்பையும் நீங்களே எடுத்துக்கிட்டா, அந்தப் பொண்ணுங்களுக்கு எப்ப சார் உறைக்கும்?" என்று கேட்டேன். "அவங்களுக்கு ஏற்கெனவே உறைச்சுடுச்சு மேடம். திரும்பிப் பாருங்க" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது மேட்ச் சீர்காழிப் பக்கம். எங்களுக்குக் கடைசி வாய்ப்பு, ஒரு ரன் பின்தங்கியிருந்தோம், இரண்டு பேர் அவுட், இன்னொருத்தி அவுட் ஆனால் தோல்வி. ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மூலையில் இருக்கும் பேஸை மிதித்துக்கொண்டிருக்கும்வரை உங்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பேஸை விட்டு விலகினீர்கள் என்றால், பந்தை வைத்திருப்பவர் உங்களைத் தொட்டாலே அவுட். கயல்விழி ஓடி வந்து மண்ணில் சறுக்கி மூன்றாவது பேஸைப் பிடித்துவிட்டாள். அம்பயர் கையை விரித்து 'சேஃப்' என்றார். நாங்கள் எல்லோரும் எழுந்து கத்துகிறோம். அடுத்த பெண் அடித்தால் சமம். சறுக்கிய வேகத்தில் கயலின் கால் எதிரணிப் பெண்ணின் முழங்காலில் பட்டிருந்தது. அந்தப் பெண் கையில் பந்தோடு இரண்டடி தள்ளிப்போய் நின்றாள். கயல் எழுந்தாள், இரண்டடி நடந்தாள், குனிந்து அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அடுத்தவர் மேல் கால் பட்டால் நாம் எல்லோரும் செய்வதுதான். அந்தப் பெண்ணும் ஒரு கணம் திகைத்தாள். பிறகு அவளுடைய ஆட்கள் கத்திய கத்தலில், கையிலிருந்த பந்தால் கயலின் தோளைத் தொட்டுவிட்டாள். அவுட். ஆட்டம் முடிந்தது.

நான் அப்போது பேசியதை இங்கே எழுதியாக வேண்டும். நேராக மைதானத்துக்குள் போனேன். "உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? எட்டுப் பேர் உழைப்பை ஒரு கும்பிடுல கெடுத்துட்டியேடி! ஊரோட போய் நாத்து நடு, அதுக்குத்தான் நீ லாயக்கு" என்றேன். எல்லோர் முன்னாலும். சாதிக் சார் வந்து, "மேடம், பிள்ளைங்க இன்னும் சாப்பிடல" என்று மட்டும் சொல்லி என்னை அழைத்துப் போனார். என் கோபம் அப்படி. கொட்டிவிட்டால் எனக்கு மறந்துவிடும், கேட்டவர்களுக்கு மறக்குமா என்று நான் யோசித்ததில்லை.

வேனில் வழக்கம்போலத் திரும்பினார். "இன்னைக்கு நான் பண்ணின தப்பு என்னன்னா மேடம், சறுக்கச் சொல்லிக் குடுத்தேன். சறுக்கறப்போ கால் பட்டுட்டா என்ன பண்ணணும்னு சொல்லிக் குடுக்கல."

"தொட்டுக் கும்பிடாதேன்னு சொல்லவேண்டியதுதானே?"

"அது எப்படிச் சொல்றது? நல்ல பழக்கமாச்சே."

மறுநாள் முதல் கயல் பயிற்சிக்கு வரவில்லை, கல்லூரிக்கும் வரவில்லை. கைப்பேசி அணைந்திருந்தது. இருப்பது எட்டுப் பேர், கடைசி மேட்சுக்கு ஒரு வாரம். அவள் இல்லாவிட்டால் மைதானத்தில் இறங்காமலே அணி முடிந்துவிடும். சனிக்கிழமை நானும் அவரும் வலங்கைமானுக்குப் பேருந்து ஏறினோம். அங்கிருந்து ஆட்டோவில் அவள் ஊர். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. அவள் அப்பா முருகையன் குத்தகைக்கு எடுத்த வயல். கயல் முழங்கால் சேற்றில் நின்று மற்ற பெண்களோடு நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

முருகையன் வரப்பில் எதிரே வந்தார். "வாங்க சார், வாங்கம்மா" என்றார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கால் பட்டா தொட்டுக் கும்பிடணும்னு நான்தாங்க சொல்லி வளத்தேன். அதனால தோத்துட்டாங்கன்னா நான் என்னங்க பண்றது?"

"நீங்க வளத்தது சரிதாங்க. நான்தான் பாதி சொல்லாம விட்டுட்டேன்" என்றார் சாதிக் சார். செருப்பைக் கழற்றினார். பேண்டை மடித்துவிட்டார். வரப்பு ஓரத்தில் கட்டிப் போட்டிருந்த ஒரு நாற்று முடியைக் காட்டி, "இதுதான் பேஸ்னு வச்சுக்குங்க. ஒரு கால் இதுல இருக்கட்டும். கை எங்க வேணாலும் போகட்டும், யார் காலை வேணாலும் தொடட்டும், யார் கேக்கப் போறா?" என்று சொல்லி, ஒரு காலை நாற்று முடியின் பக்கத்தில் ஊன்றி, மறுபக்கம் முருகையனின் முழங்காலைத் தொட எட்டினார். வரப்பு வழுக்கல். அப்படியே வாய்க்காலுக்குள் போனார், சொளக்! நடவுப் பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து சிரித்தார்கள். கயல் வாயைப் பொத்திக்கொண்டாள். தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்தவர், "பாத்தியாம்மா, காலைப் பேஸ்லேர்ந்து எடுத்தா இப்படித்தான் ஆகும்" என்றார்.

கயலின் அம்மா மோர் குடிக்க என்னை வீட்டுக்கு அழைத்துப் போனாள். வாசலிலிருந்து பார்த்தால் வயல் தெரியும். சாதிக் சார் வரப்பில் குந்தி உட்கார்ந்து கயலிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒருமுறை கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். மறுபடி பேஸைப் பற்றித்தான் விளக்குகிறார் என்று நினைத்தேன். நான் திரும்பி வந்து, "என்ன, திங்கட்கிழமை வந்துடறியா?" என்றேன். "வரேன் மேடம்" என்றாள். அதன் பிறகு பல வருடம் ஸ்டாஃப் ரூமில் இதைச் சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன். அவர் வாய்க்காலில் விழுந்ததுதான் மிச்சம், நான் ஒரு வார்த்தை கேட்டேன், பெண் வந்துவிட்டாள் என்று. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமாங்க, மேடம் சொன்னா மறுபேச்சு உண்டா?" என்று தலையாட்டுவார்.

கடைசி மேட்ச் எங்கள் மைதானத்தில்தான் நடந்தது, ஜெயித்தோம். பிரமாதமாக ஒன்றும் ஆடிவிடவில்லை. எதிரணிப் பெண் பந்தைத் தாறுமாறாக வீசி, எங்கள் பிள்ளைகளைச் சும்மாவே பேஸுக்கு அனுப்பி, கடைசி ரன்னையும் அப்படியே கொடுத்தாள். நடுவில் ஒருமுறை கயல் சறுக்கி வந்தபோது மறுபடி கால் பட்டுவிட்டது. எட்டுப் பேரும் ஒரே குரலில் "கால்! கால்!" என்று அலறினார்கள். அவள் ஒரு காலை உமிச் சாக்கில் அழுத்திக்கொண்டு, உடம்பை வளைத்து, அந்தப் பெண்ணின் ஷூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். அம்பயருக்கே சிரிப்பு. சாதிக் சார் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அழகா ஜெயிக்கல மேடம், ஆனா ஜெயிச்சிட்டோம். டீம் இருக்கு" என்றார். இன்றும் அணி இருக்கிறது. இந்த வருடம் பதினெட்டுப் பெண்கள்.

கூத்தாநல்லூர் வீட்டில் அன்று கூட்டம் நிறைந்திருந்தது. அடக்கம் செய்ய ஜனாஸாவை எடுத்துக்கொண்டு ஆண்கள் போனபிறகு, பெண்கள் நாங்கள் உள்ளே உட்கார்ந்திருந்தோம். ஹசீனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நேத்து ராத்திரிகூட உங்க டீம் பேச்சுதான்" என்றார். ஹசீனா தொழப் போனதும் கயல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுகையை மாற்றலாம் என்று, என் புத்தி போகுமா, பழைய பெருமையையே எடுத்தேன். "அன்னைக்கு வயல்ல நான் கூப்பிடலன்னா நீ வந்திருப்பியாடி?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சார் சொல்லக்கூடாதுன்னாரு. இனிமே சொல்லலாம்னு நினைக்கிறேன்" என்றாள். "அவுட் ஆனதுக்காக நான் வராம இருக்கல மேடம். நீங்க நாத்து நடத்தான் லாயக்குன்னு சொன்னீங்களே, அதுக்காகத்தான். எங்க அம்மா நாத்து நட்டுத்தான் என்னைக் காலேஜுக்கு அனுப்பினாங்க. அதை சார்கிட்ட சொன்னேன். அவரு வரப்புல உக்காந்து, 'மேடம் சொன்னது தப்புதாம்மா. அவங்க கோபக்காரங்க, மோசமானவங்க இல்ல. என்னைக்காவது அவங்களே வந்து கேப்பாங்க. அதுவரைக்கும் அவங்களுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்'னாரு. நெஞ்சுல கை வச்சுச் சொன்னாரு மேடம். அதுக்காகத்தான் வந்தேன்."

இத்தனை வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நான் அடித்த தம்பட்டத்துக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்த மனிதர். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கயல், என்னை மன்னிச்சுடும்மா" என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். "சார் இருக்கறப்பவே கேட்டிருக்கலாம் மேடம். ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாரு."

அவருடைய விசில், தொப்பி, ரூல் புத்தகம் எல்லாம் அணியிடம் இருக்கின்றன, இருக்கட்டும். எனக்கென்று அவரிடமிருந்து கிடைத்தது, நான் கேட்காமலே எனக்காக அவர் கேட்டுவைத்த அந்த மன்னிப்பு. அது இல்லாவிட்டால் ஒரு பெண்ணின் படிப்பையும், ஒன்பது பேரின் ஆட்டத்தையும் என் வாய் முடித்துவைத்திருக்கும், அது தெரியாமலே நான் ஒருநாள் ஓய்வும் பெற்றிருப்பேன். நன்றி சார். இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது, இப்போதும் கொட்டிவிடுகிறேன். ஆனால் அன்றன்றைக்கே சாயங்காலத்துக்குள், திட்டு வாங்கிய பிள்ளையைத் தேடிப் போய் நானே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எனக்காகக் கேட்க இனி ஆள் இல்லை.