ருக்கு அசையாமல் இருந்த இரண்டு விநாடி

ஆஸ்டின் டவுனில் இளங்கோவனுக்குச் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. பத்து வருஷமாக ஊரார் முகங்களையெல்லாம் படம் பிடித்தவன், கூடப்பிறந்த தங்கை ருக்குவை ஒரு தடவைகூட எடுத்ததில்லை. எடுக்கலாம், எடுக்கலாம் என்று தள்ளிப்போட்டுவிட்டான். 1952 ஆடியில், அவளுக்குக் காசநோய் என்றார் டாக்டர். விடிந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அங்கே குழந்தைகளை விட மாட்டார்கள்.

"பசங்களோட ஒரு படம் எடுத்துக் குடுண்ணா. அங்க வச்சுப் பாத்துக்கறேன்," என்றாள் ருக்கு.

மூடிய அறையில் பிள்ளைகள் அவளோடு இருக்கக் கூடாது. வெளியில்தான் எடுக்க வேண்டும். அன்றைக்கென்று பகலெல்லாம் மழை. அது விட்டபோது மணி ஆறு. அல்சூர் ஏரியை ஒட்டிய அவள் வீட்டுக் கொல்லையில் பெஞ்சைப் போட்டு, ருக்குவையும் அவள் மகள் சரசுவையும் இரண்டு வயதுப் பையனையும் உட்காரவைத்தான் இளங்கோவன். கையில் இருந்தவை படம் விழும் கண்ணாடி பிளேட் மூன்றே. அந்த மங்கலில் லென்ஸ் இரண்டு விநாடி திறந்திருக்க வேண்டும். அதுவரை யாரும் அசையக் கூடாது.

கொசு மொய்த்துக்கொண்டு வந்தது. முதல் பிளேட்டில் சரசு முழங்காலில் பட்டென்று அடித்துக்கொண்டாள். போயிற்று. ருக்குவின் புருஷன் நாணு வேப்பிலையைக் கொளுத்தினான். கொசு விலகியது, ஆனால் இளங்கோவன் இரண்டாவதை எடுக்கும்போது புகை ருக்குவின் மார்பில் ஏறி, அவள் இருமி இருமி மடங்கிப்போனாள். நாணு பதறி நெருப்பில் தண்ணீரைக் கொட்டினான். பையன் கால்களில் மண்ணெண்ணெய் தடவினார்கள். சொறிந்த புண்ணில் பட்டு அவன் வீரிட்டான். வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது. கேமராவின் கறுப்புத் துணிக்குள் இளங்கோவனின் கழுத்தெல்லாம் தடித்துவிட்டது.

"என்னால ஆகலம்மா," என்றான் அழாத குறையாக.

"இன்னும் ஒண்ணு இருக்குதில்ல?" ருக்கு முந்தானையை இழுத்துப் பிள்ளைகளின் கால்களை மூடினாள். அவளுடைய கைகள் மூடாமல் கிடந்தன. "என்னக் கடிச்சுட்டுப் போவட்டும். நீ எடு."

அவன் லென்ஸைத் திறக்கும் ரப்பர் பந்தை அழுத்தினான். மணிக்கட்டில் ஒரு கொசு சுருக்கென்று குத்தியது, கையை அசைக்கவில்லை. ஒன்று. ருக்குவின் கன்னத்தில் இரண்டு கொசுக்கள் உட்கார்ந்தன. அவள் இமைக்கவில்லை, இருமலையும் அடக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு.

கழுவியபோது படம் தெளிவாக விழுந்திருந்தது. கன்னத்தில் இரண்டு புள்ளிகள். அவற்றைத் தூரிகையால் மறைத்துவிட்டு, நாணுவிடம் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பினான்.

மார்கழியில் ருக்கு போய்ச்சேர்ந்தாள். அவள் சாமான்களோடு படமும் திரும்பி வந்தது. பிள்ளைகளின் முகத்தில் மட்டும், விரல் பட்டுப் பட்டு மினுமினுப்பு தேய்ந்திருந்தது. சரசுவுக்காக அதே பிளேட்டிலிருந்து புதிதாக ஒன்று போட இருட்டறைக்குள் போன இளங்கோவன் வெகுநேரம் வெளியே வரவில்லை.