டயரைத் தடவும் கை

நெதர்லாந்தில் எங்கள் தெருவில் நான் ஒரு மாதிரியான ஆள் என்று பெயரெடுத்துவிட்டேன். காரணம் என் வலதுகை. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் சைக்கிளின் இரண்டு டயரையும் ஒரு சுற்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். பக்கத்து வீட்டு ஆன்யா ஜன்னல் வழியாக இதை வருஷக்கணக்கில் கவனித்திருக்கிறாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் வெளியே வந்து, "உன் ஃபீட்ஸுக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள். ஃபீட்ஸ் என்றால் சைக்கிள். முள் பார்க்கிறேன் என்று சொல்ல அவள் மொழியில் எனக்கு வார்த்தை வரவில்லை, சிரித்து வைத்தேன். நான் சைக்கிளைக் கொஞ்சுவதாக முடிவு கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அதற்கும் சேர்த்தே காலை வணக்கம் சொல்கிறாள்.

எங்கள் ஊரான திருச்சுழிப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீமைக்கருவேலங்காட்டு வழியாக வண்டி ஓட்டிப் பழகியவன் டயரைத் தடவாமல் காலைத் தூக்கிப் போடமாட்டான். இங்கே தெருவை மழை கழுவுகிறது, மிச்சத்தை நகராட்சி வண்டி கழுவுகிறது. முள்ளுக்கு நான் எங்கே போக?

போன மாசியில் மூன்று வார லீவில் ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு ஒரே ஆசை. பரளச்சியில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் தன் அக்காவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

"காரு பிடிச்சிட்டு வாரேம்மா."

"காருன்னா தெருமுக்கத் தாண்டுறதுக்குள்ள கொமட்டிரும்."

"ஆட்டோ?"

"அது குலுக்குற குலுக்குல அக்காவுக்கு முந்தி நான் போய்ச் சேந்துருவேன்."

பஸ்ஸுப் படியேற முழங்கால் விடாது. கடைசியில் விஷயத்துக்கு வந்தாள். "ஒன் பழைய வண்டி சும்மாதான கெடக்கு? சீட்டு தாழ்வா இருக்கும். அதுலன்னா வாரேன்."

சும்மா கிடக்கிறதாம்! ஒன்பது வருஷத்துக்கு முன், விமானம் ஏறிய அன்று மாட்டுக்கொட்டகையில் நிறுத்திய மோட்டார் சைக்கிள் அது. அதன்பின் ஹேண்டில்பாரில் துணி காய்ந்தது, பின்சக்கரத்தில் ஆடு கட்டினார்கள், சீட்டைக் கிளறிப் பஞ்சுக்குள் கோழி முட்டையிட்டது. குட்டியானை லாரியில் ஏற்றி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனேன். என்னோடு பள்ளியில் படித்த அந்தோணி அங்கே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான்.

"ஏலே, இது வண்டியா கோழிக்கூடா? காயலாங்கடைக்குப் போற வழியில தப்பா எறக்கிட்டியா?"

"அம்மாவ ஏத்திட்டுப் பரளச்சி போகணும்லே. பெரியம்மாவுக்கு ரொம்ப முடியல."

அவன் கேலி அத்தோடு நின்றது. "அவுக கேட்டாகளா? அப்பச் சரி. சட்டையக் கழட்டு, நீயும் வேலை பாரு."

பார்த்தேன். பெட்ரோல் டேங்குக்குள் பொடிக்கல்லும் டீசலும் போட்டு, துருப் போகும்வரை தோள் கழன்றுவிடும்போலக் குலுக்கினேன். சைலன்சரைத் தட்டினால் குளவிக்கூடு மண்ணாகக் கொட்டியது. கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருந்தது. செயின், கேபிள், டயர், டியூப் எல்லாம் புதுசு. நெதர்லாந்தில் இப்படி ஒன்றைக் கொண்டுபோனால் அடுத்த மாதம் ஒரு தேதி கொடுத்து, அந்தத் தேதியில் வரச்சொல்லி, புதுசு வாங்கிக்கொள் என்பார்கள். அந்தோணி பாதி என்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டான். என் லீவும் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குள் பரளச்சியிலிருந்து போன். பெரியம்மாவுக்குக் கஞ்சியும் இறங்கவில்லையாம். போகும்போது கட்டவேண்டிய சேலையை அம்மா எடுத்து மடித்து, கட்டில்மேல் வைத்தாள். மறுநாள் விடிந்ததும் அந்தோணியை வீட்டிலிருந்தே இழுத்து வந்தேன். பிரித்ததையெல்லாம் மாட்டி, மதியம்வரை கிக்கரைக் கணக்கில்லாமல் உதைத்தோம். திடீரென்று கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு வண்டி கத்தியது, நானும் கத்தினேன்.

அடுத்த நாள் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். "மெதுவாப் போ, மெதுவாப் போ" என்று முதுகில் தட்டிக்கொண்டே வந்தாள். சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. பரளச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பின்சக்கரம் தத்தளித்தது. இறங்கிப் பார்த்தேன். புது டயரில் விரல்நீளக் கருவேல முள்.

"டயரத் தடவிப் பாத்தியாய்யா?" என்றாள் அம்மா.

பார்க்கவில்லை. பிளக் பார்த்தேன், பிரேக் பார்த்தேன், எலுமிச்சம்பழம்கூட வைத்தேன். இதை மறந்துபோனேன். வெட்கமாகப் போய்விட்டது.

"நீ எறங்காதம்மா, தள்ளிட்டு வாரேன்."

"நான் எங்க எறங்குறேன்னேன்? தள்ளு!"

டியூப் கந்தலாகும், அந்தோணி திட்டுவான், தெரியும். வேர்க்க விறுவிறுக்கத் தள்ளினேன். அம்மா தேரில் வருகிறமாதிரி உட்கார்ந்து வந்தாள். பெரியம்மா தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. பிறகு மெல்லக் கேட்டார், "எதுல வந்த?"

"எம்மகன் வண்டியிலக்கா. காத்து மாதிரி வந்துட்டோம்."

வாசலில் பஞ்சர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த முள்ளை மணிபர்ஸில் வைத்துக் கொண்டுவந்தேன். இங்கு வந்த மறுநாள் காலை ஆன்யா வாசலுக்கு வந்தாள். அவள் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். "டோர்ன்!" என்று அதன் பெயரைச் சொல்லிக்கொடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமும் இதைத்தானா தேடினாய்? இந்தத் தெருவில் இது கிடையாதே!"

"கிடையாதுதான்" என்றேன். சொல்லும்போதே என் கை பின்டயரைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.